நம்பர் கேட்டால் கொடுக்கத்தான் வேண்டுமா? வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் காந்தி ரோடு லாட்ஜ்களில், காட்பாடி ஜெராக்ஸ் கடைகளில், ஆம்பூர் ஷூ கம்பெனி வாசல்களில் எழும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஒரு கருத்து ஓடுகிறது: கைவிட்டுப் போன தகவலைத் திரும்ப வாங்க நம் சட்டங்கள் கொஞ்சமே உதவும், கொடுக்காமல் இருக்க நிறையவே உதவும். அதனால் பேச வேண்டியதைக் கவுண்டரிலேயே பேசிவிட வேண்டும்.

துணிக்கடையில பில்லு போடணும்னா போன் நம்பர் குடுங்கன்றாங்க. குடுத்தே ஆவணுமா?

வேண்டியதில்லை. பில் போடப் போன் நம்பர் வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ஜிஎஸ்டி எண் இல்லாத சாதாரண வாடிக்கையாளருக்கு 50,000 ரூபாயோ அதற்கு மேலோ பில் போனால்தான் பெயரும் முகவரியும் எழுத வேண்டும். அங்கேயும் போன் நம்பர் கிடையாது. 2 லட்சத்துக்கு மேல் நகை வாங்கினால் பான் எண் கேட்பார்கள். அது வருமான வரி விதி, கொடுக்கத்தான் வேண்டும்.

நம்பர் தரச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் துறை 2023 மே மாதமே கடைகளுக்கு அறிவுறுத்தியது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்ற பொருளுக்குப் பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிக நடைமுறை. "கம்ப்யூட்டர் எடுக்காதுங்க" என்று சொன்னால், கடையின் நம்பரையே போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், எடுக்கும். வாயில் வந்த பத்து இலக்கத்தைச் சொல்லிவிட்டு வராதீர்கள். அது வேறொருவரின் நம்பராக இருக்கும், தொல்லை அவருக்குப் போகும். வாரண்டி பதிவு, வீட்டு டெலிவரி போன்றவற்றுக்கு நம்பர் கேட்பது நியாயம்.

ஏற்கெனவே குடுத்துட்டேன். தெனம் பத்து மெசேஜ் வருது. நிறுத்த வழி இருக்கா?

1909க்கு ஸ்டார்ட் என்ற ஆங்கிலச் சொல்லும், இடைவெளி விட்டு 0 என்ற எண்ணும் எழுதி எஸ்எம்எஸ் அனுப்புங்கள். எல்லா விளம்பரமும் தடுக்கப்படும். ஓடிபியும் வங்கித் தகவலும் வழக்கம்போல் வரும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் டிஎன்டி (தொந்தரவு செய்யாதே) செயலியிலும் இதைச் செய்யலாம். அனுப்புநர் பெயரின் கடைசி எழுத்தைக் கவனியுங்கள்: பி என்றால் விளம்பரம், எஸ் சேவை, டி பரிவர்த்தனை, ஜி அரசு. பதிவு செய்த பிறகும் விளம்பரம் வந்தால் 7 நாளுக்குள் 1909இலோ செயலியிலோ புகார் கொடுக்க வேண்டும். 2025 பிப்ரவரி திருத்தத்துக்கு முன்பு இந்தக் கெடு 3 நாள்தான்.

இது வாட்ஸ்அப் விளம்பரங்களுக்குச் செல்லாது. அவற்றை அந்தச் செயலிக்குள்ளேயே பிளாக் செய்து ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். நம்பிக்கையின் பேரில் கொடுத்த நம்பரைக் கடைக்காரர் வேறொருவருக்குக் கைமாற்றினால், அதுவும் முறையற்ற வணிக நடைமுறைதான். சட்டத்தில் அப்படியே எழுதியிருக்கிறது.

ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க லாட்ஜில தங்கணும்னா ஆதார் ஜெராக்ஸ் கேக்கறாங்க. வேற வழியே இல்லியா?

யார் தங்குகிறார் என்று லாட்ஜ்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். போலீஸ் வந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஆகவே அடையாளம் கேட்பது சரி. அந்த அடையாளம் ஆதாராகத்தான் இருக்க வேண்டும் என்பது சரியல்ல. வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் எதுவும் போதும். தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கட்டாயமாகக் கேட்க வழி விட்டிருந்த, ஆதார் சட்டத்தின் 57ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26 அன்று அந்த அளவில் ரத்து செய்துவிட்டது. வங்காளதேசத்திலிருந்து வருபவர்களிடம் பாஸ்போர்ட், விசா விவரம் வாங்கி 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிவு செய்வது மட்டும் லாட்ஜின் சட்டக் கடமை; அதை மறுக்கக் கூடாது.

கையில் ஆதார் மட்டுமே இருந்தால் மாஸ்க்டு ஆதார் கொடுங்கள். மை ஆதார் தளத்தில் ஓடிபி போட்டு நுழைந்து, பதிவிறக்கும்போது மாஸ்க்டு என்ற கட்டத்தில் டிக் செய்தால், முதல் 8 இலக்கம் மறைந்து கடைசி 4 மட்டும் தெரியும் பிடிஎஃப் வரும். திறக்கும் கடவுச்சொல், ஆதாரில் உள்ளபடி ஆங்கிலப் பெயரின் முதல் நான்கு பெரிய எழுத்துகளும் பிறந்த ஆண்டும். பெயர், முகவரி, படம் மூன்றும் அதில் இருப்பதால் அடையாளத்துக்கு அது முழுமையானதுதான்.

எந்த ஜெராக்ஸ் கொடுத்தாலும் அதன் குறுக்கே பேனாவால் எழுதுங்கள்: "இன்ன லாட்ஜில் தங்குவதற்கு மட்டும்", கீழே தேதி, கையெழுத்து. ஓரத்தில் எழுதினால் வெட்டிவிடலாம். படத்தின் மேலும் எழுத்துகளின் மேலும் கோடு போக வேண்டும்.

ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்ல ஆதார் அனுப்பித்தானே பிரிண்ட் எடுக்கறோம், அதுல இன்னா ஆவப் போவுது?

இந்தப் பட்டியலில் மிக அதிகமான ஆவணம் கசிவது இந்த வழியில்தான் என்பது எங்கள் கருத்து. கடைக்காரர் கெட்டவர் என்பதற்காகச் சொல்லவில்லை. நீங்கள் அனுப்பியது கடையின் போனில் ஒன்று, கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் ஒன்று என்று இரண்டு இடத்தில் தங்கும். பகலில் வேலைக்கு வரும் பையன்கள் எல்லோரும் அதே கம்ப்யூட்டரைத் திறப்பார்கள். அங்கே ஒருநாள் வைரஸ் புகுந்தால் இரண்டு வருடத்து ஆதார், பாஸ்புக், சாதிச் சான்றிதழ் எல்லாம் மொத்தமாகப் போகும்.

கடவுச்சொல் போட்ட ஆதார் பிடிஎஃப்பை அப்படியே அனுப்பி, கடவுச்சொல்லைக் கடையில் நீங்களே டைப் செய்யுங்கள். பிரிண்ட் வந்ததும் ஃபைலை ஷிஃப்ட் டெலீட்டில் அழிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு வாருங்கள். வெறும் டெலீட் செய்தால் ரீசைக்கிள் பின்னில் கிடக்கும். வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அழி என்று கொடுப்பது கடை டவுன்லோட் செய்த பிரதியைத் தொடாது. கடைக் கம்ப்யூட்டரில் உங்கள் வாட்ஸ்அப்பையே திறந்திருந்தால், வீட்டுக்குப் போவதற்குள் லிங்க்டு டிவைசஸ் பகுதியில் போய் அதை வெளியேற்றுங்கள். ஒரு வாரம் உங்கள் உரையாடல் எல்லாம் அங்கே திறந்தே கிடக்கும் நிலை வரக் கூடாது.

ஆதார் நம்பர் ஒண்ணு தெரிஞ்சா பேங்க்ல காசு எடுத்துடுவாங்களா?

நம்பர் மட்டும் இருந்தால் முடியாது. நம்பர், வங்கியின் பெயர், விரல் ரேகை மூன்றும் சேர்ந்தால் முடியும். ஊரில் வங்கி மித்ராவிடம் கை வைத்துப் பணம் எடுக்கிறோமே, அந்த வழி. பத்திரப் பதிவு ஆவணங்களில் இருக்கும் கைரேகையிலிருந்து சிலிகான் ரேகை செய்து பணம் எடுத்த வழக்குகள் ஹைதராபாத்திலும் வடக்கிலும் பதிவாகியிருக்கின்றன. இதற்கு ஓடிபி கேட்காது.

மை ஆதார் தளத்தில் பயோமெட்ரிக் லாக் போடலாம். போட்ட பிறகு யார் விரல் வைத்தாலும் 330 என்ற பிழை எண் வரும். ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு: ரேஷன் கடையிலும் அதே விரல்தான். ஓய்வூதியத்துக்கான டிஜிட்டல் உயிர்வாழ் சான்றும் நிற்கும். ஆதாரில் இணைத்த போன் வேறொருவர் கையில் இருக்கும் பாட்டி தாத்தாவுக்கு வீட்டில் யாராவது லாக் போட்டுவிட்டால், அரிசி வாங்கப் போன இடத்தில் திண்டாடுவார்கள். இணைத்த போன் தங்கள் கையிலேயே இருப்பவர்கள் கடைக்குப் போகும்போது தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம். சற்று நேரத்தில் அதுவே பூட்டிக்கொள்ளும். மற்றவர்கள், தங்கள் கணக்கில் ஆதார் வழிப் பணமெடுப்பை நிறுத்தச் சொல்லி வங்கிக் கிளையில் எழுதிக் கொடுப்பது மேல். கடந்த 6 மாதத்தில் உங்கள் ஆதார் எங்கெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியலும் மை ஆதாரில் இருக்கிறது. தெரியாத வரி கண்ணில் பட்டால் 1947 என்ற ஆதார் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள்.

லோன் ஆப்ல அஞ்சாயிரம் வாங்கினேன். ஒரு தவணை லேட்டு, சொந்தக்காரங்க எல்லாருக்கும் போன் பண்றாங்க. இப்படிச் செய்யலாமா?

செய்யக் கூடாது. ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பர் 2 அன்று வெளியிட்ட விதிகளும், அவற்றின் இடத்தில் 2025இல் வந்தவையும் இதில் தெளிவாக இருக்கின்றன. கடன் செயலி உங்கள் தொடர்புப் பட்டியலையோ, அழைப்பு விவரத்தையோ, போட்டோக்களையோ தொடக் கூடாது. அடையாளச் சரிபார்ப்புக்காக கேமரா, மைக், இருப்பிடம் ஆகியவற்றை ஒரே ஒருமுறை, உங்கள் சம்மதத்தோடு பயன்படுத்தலாம். கடன் தொகை நேராக உங்கள் கணக்குக்கு வர வேண்டும். மொத்த வட்டி விகிதத்தோடு ஒரு விவரத்தாள் தர வேண்டும். தொடர்புப் பட்டியலைக் கேட்கும் செயலி, அந்த இடத்திலேயே தான் சட்டத்துக்கு வெளியே நிற்பதைச் சொல்லிவிடுகிறது.

இப்போது செய்ய வேண்டியது: முதலில் ஸ்கிரீன்ஷாட். செயலியின் பெயர், கடன் விவரம், மிரட்டல் செய்திகள், வந்த நம்பர்கள் எல்லாம். பிறகு அனுமதிகளை நிறுத்துங்கள், அதன் பிறகே செயலியை நீக்குங்கள். முதலில் நீக்கிவிட்டால் ஆதாரம் போய்விடும். நீக்கினாலும் அவர்கள் ஏற்கெனவே எடுத்துச் சென்ற பட்டியல் அவர்களிடமே இருக்கும். ஆகையால் உறவினர்களுக்கு நீங்களே முந்திக்கொண்டு ஒரு வரி அனுப்பிவிடுங்கள். மிரட்டலின் பலமே அவமானத்தில்தான் இருக்கிறது. படத்தை மார்ஃப் செய்து அனுப்பினால் பணம் கட்டாதீர்கள். கட்டியவரிடம் திரும்பவும் கேட்பார்கள். 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணிலும் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் புகார் கொடுங்கள். பின்னால் இருப்பது பதிவுபெற்ற நிதி நிறுவனமா என்று ரிசர்வ் வங்கித் தளத்தில் உள்ள செயலிப் பட்டியலில் பாருங்கள். பதிவு இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் சசேத் என்ற புகார்த் தளத்தில் புகார் செய்யலாம். மிரட்டிக் கடன் வசூலிப்பதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2025இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது.

ஓடிபி சொல்லிட்டேன், காசு பூட்ச்சு. பேங்க்ல போய் கேட்டா "உங்க தப்பு"ன்றாங்க. அவ்ளோதானா?

முதலில் 1930. வங்கிக்கு ஓடுவதற்கு முன், உட்கார்ந்த இடத்திலிருந்தே. கணக்கு எண், போன தொகை, நேரம், குறுஞ்செய்தியில் வரும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு ஓடுவதற்குள் முடக்க முடிந்தால்தான் பயன். ஒப்புகை எண் வரும். அதை வைத்து சைபர் கிரைம் தளத்தில் புகாரை முழுமையாக்க வேண்டும். அதே கையோடு வங்கியின் உதவி எண்ணிலும் சொல்லிக் கணக்கை நிறுத்துங்கள்.

"உங்க தப்பு" என்பது பாதிதான் உண்மை. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, நீங்களே ஓடிபி சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போனது உங்கள் நஷ்டம். தெரிவித்த பிறகு போவது வங்கியின் நஷ்டம். அதனால்தான் தெரிவித்த நிமிடம் முக்கியம். உதவி எண்ணில் பேசினால் புகார் எண் வாங்குங்கள். கிளையில் கொடுத்தால் நகலில் முத்திரையும் நேரமும் போடச் சொல்லுங்கள். முத்திரை போட மறுத்தால் அங்கேயே நின்று மின்னஞ்சல் அனுப்புங்கள்.

நீங்கள் யாரிடமும் எதுவும் சொல்லாமலே பணம் போயிருந்தால் நிலைமை வேறு. தகவல் வந்ததிலிருந்து 3 வேலை நாளுக்குள் தெரிவித்தால் உங்கள் நஷ்டம் பூஜ்யம். 4 முதல் 7 வேலை நாளானால், சாதாரண சேமிப்புக் கணக்கில் அதிகபட்சம் 10,000 ரூபாய் மட்டுமே உங்கள் தலையில் விழும். தெரிவித்த 10 வேலை நாளுக்குள் தொகையைத் தற்காலிகமாக வரவு வைத்து, 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தவறு உங்களுடையது என்று நிரூபிக்க வேண்டியதும் வங்கிதான். கவுண்டரில் யாரும் இதைச் சொல்வதில்லை. புகார்க் கடிதத்தில் சுற்றறிக்கைத் தேதியை எழுதினால் பேச்சே மாறும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) இணையத்தில் இலவசமாகப் புகார் செய்யலாம். உதவி எண் 14448.

ஆன்லைன்ல சட்டை ஒண்ணுதான் எடுத்தேன், இன்ஷூரன்ஸுனு 49 ரூபா சேர்ந்திருக்குது. இதெல்லாம் கேக்க முடியுமா?

கேட்கலாம். உங்களைக் கேட்காமல் கூடையில் சேர்ப்பது, சேருவது எளிதாகவும் விலகுவது கஷ்டமாகவும் வைப்பது, "இன்னும் 2 நிமிடம்தான்" என்று பொய் அவசரம் காட்டுவது உட்பட 13 தந்திரங்களை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று தடை செய்தது. திரையைப் பதிவு செய்யுங்கள். அடுத்த நாள் அந்தப் பக்கமே மாறியிருக்கும். நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரை ஏற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்.

49 ரூபாய்க்கா இவ்வளவு என்று விட்டுவிடுவீர்கள் என்ற கணக்கில்தான் அந்தத் தொகையே அமைகிறது. விடாதீர்கள்.

கம்பெனி பெங்களூருல இருக்குது. கேஸு போடணும்னா அங்கதான் போவணுமா?

இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணமே இல்லை; 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம் விசாரிக்கும். வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு கெடு. நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம்.

பெரும்பாலான மனுக்கள் சறுக்குவது ஆதாரத்தில்தான். பில், பணம் கட்டிய ரசீது, முந்தைய பதிலில் சொன்ன திரைப்பதிவு, குறைதீர் அலுவலருக்கு எழுதிய மின்னஞ்சல், அதற்கு வந்த பதிலோ வராத மௌனமோ எல்லாவற்றையும் தேதி வரிசையில் வையுங்கள். எதிர்த்தரப்பின் சரியான பதிவுப் பெயரைப் பில்லிலிருந்து எடுங்கள். செயலியின் பெயரை மட்டும் எழுதினால் நோட்டீஸ் திரும்பி வரும்.

ஆஸ்பத்திரில அபா நம்பர் போடச் சொல்றாங்க. அது இல்லன்னா பாக்க மாட்டாங்களா?

அபா என்பது 14 இலக்க சுகாதார எண். விருப்பம் இருந்தால் மட்டும். இல்லாததால் சிகிச்சை மறுக்க முடியாது. போட்டுக்கொண்டால் பல ஊர் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டுகளை ஒரே இடத்தில் பார்க்கும் வசதி உண்டு. அசாமிலிருந்தோ மேற்கு வங்கத்திலிருந்தோ வேலூருக்கு வருபவருக்கு அது உண்மையில் உதவும். சம்மதம் கேட்டு வரும்போது எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரையிலான ரிப்போர்ட், எத்தனை நாள் பார்க்கலாம் என்ற இரண்டையும் குறைத்துக்கொண்டு சம்மதியுங்கள்.

ரிப்போர்ட்டை வழிகாட்டி, மொழிபெயர்ப்பாளர், ஏஜென்ட் என்று வருபவரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பாதீர்கள். உங்கள் மருத்துவ ஆவணங்களை நீங்கள் எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002 மருத்துவக் கவுன்சில் விதி. நீங்களே நேராகக் கேட்டு வாங்கலாம், நடுவில் ஆள் வேண்டாம்.

புது டேட்டா சட்டம் வந்துடுச்சாமே, 250 கோடி அபராதமாமே. இனிமே லீக் ஆனா நமக்கு நஷ்ட ஈடு வருமா?

வராது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்ட்டில் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் 2027 மே மாதம்தான் நடைமுறைக்கு வரும். பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி வரை அபராதம் என்பது சரிதான். அந்தப் பணம் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். தகவலைப் பறிகொடுத்தவருக்கு அதில் ஒரு ரூபாய்கூட இல்லை. 2024இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் நிறுவனத்தின் காப்பீட்டுதாரர் விவரங்களும் மருத்துவ அறிக்கைகளும் டெலிகிராமில் கிடைத்தன. யாருக்கு என்ன நோய் என்பது ஊருக்குத் தெரிந்த பிறகு, அபராதத்தை அரசு வாங்கிக்கொள்வது அந்த நோயாளிக்கு எப்படி ஈடாகும்? இந்தச் சட்டத்தின் பெரிய குறை இதுதான்.

நஷ்ட ஈடு கேட்க இன்று இருக்கும் வழி, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு. மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரே தீர்ப்பு அலுவலர். 5 கோடி வரை அவரிடம் கோரலாம். புதுச் சட்டம் முழுதாக வரும்போது இந்தப் பிரிவு நீக்கப்படும். பாதிக்கப்பட்டவர்கள் அதற்குள் மனு போடுவது நல்லது. இன்னொன்று, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவும் இதே சட்டத்தால் மாறிவிட்டது. முன்பு பொதுநலன் கருதித் தர வேண்டியிருந்த விவரங்களைக்கூட "தனிப்பட்ட தகவல்" என்று ஒரே வரியில் அதிகாரி மறுக்கலாம். அந்த மாற்றம் மட்டும் காத்திருக்காமல் 2025 நவம்பரிலேயே அமலுக்கு வந்துவிட்டது.

நல்லதும் உண்டு. சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழில் படிக்க வழி தர வேண்டும், கொடுத்த சம்மதத்தைக் கொடுத்த அளவு எளிதாகவே திரும்பப் பெற வழி இருக்க வேண்டும். தமிழில் கேட்கும் பழக்கத்தை இப்போதே தொடங்கலாம்.

எல்லா போன்லயும் அரசாங்க ஆப் கட்டாயம்னு நியூஸ்ல சொன்னாங்களே?

மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி செயலியைப் புதிய போன்கள் எல்லாவற்றிலும் முன்கூட்டியே நிறுவ வேண்டும் என்று 2025 நவம்பர் 28 அன்று உத்தரவு போனது. எதிர்ப்பு கிளம்பியதும் டிசம்பர் 3 அன்று திரும்பப் பெறப்பட்டது. எதிர்த்தது சரி. அதன் சேவைகள் நல்லவை: உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பார்ப்பது, தொலைந்த போனை முடக்குவது. இரண்டையும் செயலியே இல்லாமல் அதன் இணையதளத்தில் செய்யலாம். சிம் பட்டியலை இன்றே பாருங்கள். தெரியாத நம்பர் இருந்தால் "என் நம்பர் அல்ல" என்று குறியுங்கள்.

எங்க நைனா தவறிட்டாரு. அவரு நம்பரை கட் பண்ணிடலாமா?

உடனே வேண்டாம். நிறுத்திய நம்பர் 90 நாள் கழித்து வேறொருவருக்குப் போகலாம். அதற்குள் அவருடைய வங்கிக் கணக்கு, யுபிஐ, கேஸ் இணைப்பு, மின்வாரியம், மின்னஞ்சல் எல்லாவற்றிலும் அந்த நம்பர் இருந்தால், ஓடிபிகள் முகம் தெரியாத ஒருவர் போனில் விழும். குறைந்தபட்ச ரீசார்ஜ் போட்டு நம்பரை உயிரோடு வையுங்கள். ஆனால் அவர் கணக்கிலிருந்து அந்த ஓடிபியை வைத்துப் பணம் எடுக்காதீர்கள். வாரிசுகளுக்குள் அதுவே வழக்காகும். இறப்புச் சான்றிதழோடு வங்கிக்குப் போய் நாமினி வழியில் வாங்குங்கள்.

பிறகு ஒவ்வொன்றாக நம்பரை மாற்றுங்கள்: முதலில் வங்கி, அடுத்து மின்னஞ்சல், பிறகு மின்வாரியமும் கேஸும். வாட்ஸ்அப்பில் வைத்துக்கொள்ள விரும்பும் படங்களையும் குரல் பதிவுகளையும் தனியாகச் சேமித்துவிட்டு, அமைப்புகளுக்குள் போய்க் கணக்கை நீக்குங்கள். செயலியை மட்டும் நீக்கினால் கணக்கு அப்படியே இருக்கும். கடைசியில் இறப்புச் சான்றிதழ் நகலோடு தொலைபேசி நிறுவனத்தில் எழுதிக் கொடுத்து நம்பரை நிறுத்துங்கள். சேர்த்துக் கொடுக்கும் அவருடைய ஆதார் ஜெராக்ஸிலும், லாட்ஜ் கேள்வியில் சொன்னதுபோல், எதற்கு என்று குறுக்கே எழுதியே கொடுங்கள்.